மாமன் ஏறாத பெட்டி

ஆவணி 27, சனி

காலையில் வெயில். மதியத்துக்கு மேல் கல்வராயன் மலை தலையில் கறுப்புத் துண்டைச் சுற்றிக்கொண்டது. கீழே வடக்கனந்தலில் ஒரு சொட்டு இல்லை. முழங்கால் வலி. தைலம் தீர்ந்து போச்சு.

அக்கா மகன் செல்வம் வந்தான் (இனி செ.; பேனாவில் மை கம்மி). உளுந்தூர்பேட்டைப் பட்டறையில் செய்யக் கொடுத்திருந்த, டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற பெட்டி தயாராம்.

"நாளைக்கு வாங்க மாமா. நீங்க ஏறனாதான் எடுப்பேன்."

"எனக்கு முழங்காலு."

"தூக்கி வெக்கிறேன்."

எங்கள் குடும்பத்து வழக்கம் அப்படி. புது வண்டி எதுவானாலும் தாய்மாமன் முதலில் ஏறி உட்கார வேண்டும். உட்கார்ந்தால் வண்டி நம்முடையது. உட்காராவிட்டால், தங்கத்தில் வார்த்திருந்தாலும் செய்தவனிடமே திரும்பும். இதுவரை நான் ஏறி அருள்பாலித்தவை: அக்கா வீட்டு மாட்டு வண்டி, செ.யின் பழைய டிராக்டர், அவன் தம்பியின் சைக்கிள் (கேரியரில்). ஐம்பத்தாறு தேசத்து ராஜாக்களுக்கும் இல்லாத அதிகாரம் என் பிட்டத்துக்கு இருக்கிறது.

விளையாட்டு இல்லை இந்தத் தடவை. காளைகள் இரண்டையும் விற்றுத்தான் பெட்டி செய்யக் கொடுத்தான். கரியாலூருக்கு மேலே சடையன் என்று ஒரு மலைக்காரர். அவருடைய சாமை மூட்டைகளை மழைக்கு முன்னால் கீழே இறக்கித் தருவதாக வாக்கு. மூட்டைகள் பாறை மேல் திறந்த வெளியில் அடுக்கிக் கிடக்கின்றன. அந்தப் பாதைக்கு வேறு யாரும் வண்டி அனுப்புவதில்லை. வருஷத்துச் சாப்பாடு அது, அவர்களுக்கு.

மலையைப் பார்த்தேன். துண்டு இன்னும் அவிழவில்லை.


ஆவணி 28, ஞாயிறு

மப்பு. காற்று இல்லை.

கொண்டு போனவை: சுத்தி, எலுமிச்சம்பழம், கற்பூரம், ஒரு படி சாமை. டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து உ.பேட்டை வரை. இறங்கும்போது என் எலும்புகளில் பாதி முகவரி மாறியிருந்தன.

பட்டறை, மெட்ராஸ் ரோட்டு ஓரத்திலேயே. பெட்டி பச்சைப் பெயின்ட்டில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. பக்கப் பலகையில் 'அஞ்சலை துணை'. அஞ்சலை என் அக்கா. இது தெரிந்தால் ஊரில் இனி யாரையும் மதிக்க மாட்டாள்.

பட்டறைக்காரர் தங்கவேலு எங்களுக்கு முன்பே பூசையை முடித்துவிட்டார். சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தடியில் பழம். எல்லாம் தயார், நான்தான் பாக்கி.

"ஏறுங்க பெரியவரே. நல்ல நேரம் போய்க்கினு கீது."

"நேரம் எங்கியும் போவாது. அதயும் ஒக்காரச் சொல்லுங்க, டீ சாப்புடட்டும்."

பார்த்தேன். ராவணன் சபையில் அனுமார் பார்த்த மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சுத்தியால் தட்டல். குதித்தல் (முழங்கால், ஐயோ). டயர், சரி. கீல், சரி. பின்கதவு கொக்கி, கொஞ்சம் இறுக்கம், சரி. கடைசியில் சாமை. மலையில் சாமை ஏற்றுகிறவர்கள் செய்கிற சோதனை இது. ஒரு படி சாமையைப் பெட்டிக்குள் தூவி ஒரு சுற்று இழுத்துப் பார்க்க வேண்டும். பலகைச் சந்தில் சாமை ஒழுகாவிட்டால் அந்தப் பெட்டியில் எதுவும் ஒழுகாது.

தங்கவேலுவுக்குச் சிரிப்பு. "இன்னா பெரியவரே, பெட்டில வெதக்கிறீங்களா?"

"அறுவடைக்கு ஒங்களையும் கூப்புடறேன்."

செ. டிராக்டரில் மாட்டிப் பட்டறை வாசலில் ஒரு சுற்று இழுத்தான். முன்பக்கம் ஒரே ஒரு சந்தில் ஒழுகியது. அது பெரிய குற்றம் இல்லை, ஒரு சட்டம் அடித்தால் போகும். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க அடியில் படுத்தேன். விழுந்த சாமை எல்லாம் தரைக்குப் போயிருந்தது. ஏர்க்காலில், அதாவது டிராக்டரோடு மாட்டுகிற முன் சட்டத்தில், ஒரு இடத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு மணி ஒட்டிக்கொண்டு நின்றது.

மற்ற இடமெல்லாம் பெயின்ட் காய்ந்து வாரக்கணக்காச்சு. அங்கே மட்டும் ஏன் ஈரம்.

நகத்தால் சுரண்டினேன். பெயின்ட் வந்தது, அடியில் மக்குப் பசை வந்தது, அதற்கும் அடியில் விரிசல். வெல்டிங் பாதி தூரம்தான் பிடித்திருக்கிறது. மீதியை மக்கு வைத்து அடைத்து, நேற்றோ முந்தாநாளோ பச்சை பூசியிருக்கிறார்கள்.

எழுந்து வந்தேன். முதுகெல்லாம் மண். நான் பேசாமல் இருந்ததும் செ.க்குப் புரிந்துவிட்டது. நான் பேசாமல் இருப்பது வால்நட்சத்திரம் மாதிரி.

"சமவெளிக்கு இது தாராளம் பெரியவரே," என்றார் தங்கவேலு. முகத்தைப் பார்க்கவில்லை.

"நாங்க போறது மலைக்கு. ஏத்தத்துல இது வுட்டுக்கினா பெட்டி பாதாளத்துல போய்த்தான் நிக்கும். பின்னாடி எவன் நடந்து வந்தாலும் அவனும் கூட."

செ. என்னைத் தனியே இழுத்தான். "ஒரே நட மாமா. சாமைய எறக்கிட்டு வந்து ஒட்டிக்கலாம். மெதுவா ஓட்டறேன்."

"மெதுவா ஓட்டனா மெதுவா சாவலாம்."

"அவரு பாத்துக்கினு இருப்பாரு மாமா."

நான் ஏறவில்லை.

தங்கவேலு மாலையைக் கழற்றினார். இரும்புப் பட்டை வைத்துப் புதிதாக ஒட்டித் தருவதாகச் சொன்னார். கரண்ட் ஒழுங்காக இருந்தால் புதன் மத்தியானம். பெயின்ட் அடிக்கக் கூடாது, நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். சரி என்றார். சிந்திய சாமையை வாரிக் கொள்ளவில்லை. குருவிக்கு இருக்கட்டும்.

திரும்பும்போது பெட்டி இல்லாத டிராக்டர் வழியெல்லாம் துள்ளியது.


ஆவணி 29, திங்கள்

வெயில். தைலம் வாங்கினேன். பூனை பாலைக் குடித்துவிட்டது.

டீக்கடையில் ஒரே பேச்சு. சாலை மறியலாம், வியாழக்கிழமையிலிருந்து ஒரு வாரம். எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு தருகிற வரைக்கும் ஒரு சக்கரம் உருளாதாம். "வூட்டுக்கு ஒருத்தர் வரணும்" என்று சங்கத்து ஆட்கள் சொல்லிப் போனார்கள். செ.யின் தம்பி நல்ல மார்க் வாங்கியும் காலேஜில் இடம் கிடைக்காமல் வீட்டில் கூரையை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறான். அவனை நினைத்தால் நியாயம் என்றுதான் படுகிறது. பெட்டியை நினைத்தால் காலண்டரைப் பார்க்கிறேன்.

வியாழன். புதன் முடிந்து வியாழன். அதற்குள் எடுத்துவிடலாம்.


ஆவணி 31, புதன்

உ.பேட்டையிலிருந்து பஸ் கண்டக்டர் வழியாகச் சேதி. காலையெல்லாம் கரண்ட் இல்லை, இப்போதுதான் ஒட்டி முடித்தார்களாம், வரலாமாம்.

நானும் செ.யும் டிராக்டரில் புறப்பட்டோம். கள்ளக்குறிச்சி தாண்டி, தியாகதுருகத்துக்கு இந்தப் பக்கமே, ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம். அதற்கு அப்பால் இன்னொன்று. இன்னும் ஒன்றுக்குக் கோடாலிச் சத்தம். ஒரு நாள் முன்பாகவே ஆரம்பித்துவிட்டார்கள்.

வழி விடச் சொல்லிக் கேட்டேன். கோடாலிக்காரன் நம்ம ஆள்தான், தூரத்துச் சொந்தம்.

"பெட்டி எடுக்கவா மாமா? இந்த நாள்லியா? வூட்டுக்குப் போய்ப் படுங்க."

"மலைல சாமை நனையுதுடா."

"எங்க புள்ளைங்க வாழ்க்கையே நனைஞ்சி போச்சி."

செ.யிடம் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

வழியில் செ. சொன்னது: "ஞாயித்துக்கெழம நீங்க ஏறியிருந்தீங்கன்னா இந்நேரம் பெட்டி நம்ம வாசல்ல நிக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.


புரட்டாசி 2, வெள்ளி

தூறல்.

வீட்டுக்கு ஒருத்தர். என் வீட்டில் நான் ஒருத்தன்தான், ஆகவே படை, தளபதி, குதிரை எல்லாம் நானே. கச்சிராயபாளையம் ரோட்டில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். கோஷம் போட்டேன், நன்றாகவே போட்டேன், மலைக்கு அந்தப் பக்கம் ஆத்தூர் வரைக்கும் கேட்டிருக்கும். மத்தியானம் தக்காளி சாதம்.

தூறல் வலுத்தபோது எல்லோரும் புளியமரத்தடிக்கு ஓடினார்கள். நான் மலையைப் பார்த்துக்கொண்டே நனைந்தேன். மலையே தெரியவில்லை, வெறும் வெள்ளை.


புரட்டாசி 4, ஞாயிறு

மழை, விட்டு விட்டு.

சடையன் நடந்தே இறங்கி வந்திருக்கிறார். தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு செ. வீட்டு வாசலில் நின்றார். அக்கா காப்பி கொடுத்தாள்.

"வண்டிய காணம், அதான் பாத்துக்கினு போலாம்னு."

செ. தலையைக் குனிந்துகொண்டான். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல், மக்கு, மரம், மறியல். நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"எங்க ஊருக்கு ரோடே இல்ல," என்றார். "நீங்க இருக்கிற ரோட்டையே மறிக்கிறீங்க."

சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

மூட்டைகளை என்ன செய்திருக்கிறார் என்று கேட்டான் செ. மேலே தழை, அதன் மேல் ஒரு தார்பாய், அதுவும் பாதிக்குத்தான் வருமாம். "தூறலுக்குத் தாங்கும். அடிச்சிப் பேஞ்சா தாங்காது."

போகும்போது என்னிடம்: "ஏறாதது நல்லதுதாண்ணா. பின்னாடி நடந்து வர்றது நாங்கதான."

என்னைத் தேற்றத்தான் சொன்னார். தேறவில்லை. அன்று சாயங்காலமே அடித்துப் பெய்தது.


புரட்டாசி 9, வெள்ளி

மழை விட்டு வெளிச்சம். பஸ் ஓடுகிறது, நானும் செ.யும் கிளம்பினோம். ஆனால் ஒன்றரை மணி நேரப் பாதைக்கு அரை நாள். வழி நெடுக வெட்டின மரம், கருகின தார்.

உ.பேட்டைக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பட்டறை வாசலில் பெட்டி இல்லை. ரோட்டோரப் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. மறியல் தொடங்கின அன்றே ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்த இழுத்துப் போயிருக்கிறார்கள். அதன் மேலேயே மரத்தைச் சாய்த்திருக்கிறார்கள். வழி திறந்தபோது பள்ளத்தில் தள்ளியது யாரோ.

"நான் இன்னா பண்றது பெரியவரே," தங்கவேலு. "கூட்டமா வந்தாங்க. எது பெருசா கீதுனு பாத்தாங்க. இது கண்ணுல பட்டுடுச்சி. டயர ரோட்டுல கொளுத்தினாங்க. வழில மாட்டிக்கினு நின்ன லாரிக்காரங்க பலகைய பேத்துக்கினு போய்ச் சோறாக்கினாங்க. எல்லாம் பட்டினி, அவங்கள இன்னா சொல்றது."

ஆக: டயர் போராட்டத்துக்கு, பலகை அடுப்புக்கு. 'அஞ்சலை துணை' எந்த ஊர் டிரைவருக்கோ சோறு வடித்துக் கொடுத்திருக்கிறாள். அக்காவிடம் இதைப் பெருமையாகச் சொல்லலாம். சொல்ல மாட்டேன்.

மிச்சம் இரும்பு. நடுச்சட்டம் வில்லாக வளைந்துவிட்டது. ஏர்க்காலைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, சுற்றி வர வெல்டிங், பெயின்ட் இல்லாமல், நான் சொன்னபடியே. சுத்தியால் தட்டினேன். கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. மேலே மரம் விழுந்திருக்கிறது. அந்த ஒட்டு மயிரிழை விலகவில்லை. இப்படி ஒரு ஒட்டை நான் பார்த்ததில்லை. இந்த நோட்டில் நான் மிகைப்படுத்தாமல் எழுதிய ஒரே வரி இதுதான்.

"ஏறுங்க மாமா," என்றான் செ.

"வேணாண்டா."

"நல்லாத்தான ஒட்டிக்கிறாரு. ஏறுங்க."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. கை கொடுத்தான். ஏறினேன். உட்காரப் பலகை இல்லை, வளைந்த சட்டத்தின் மேல் இரண்டு காலையும் வைத்து நின்றேன். ஆக, பெட்டி எங்களுடையதாகிவிட்டது.

மேலே நின்றால் பட்டறை வாசல் தெரிந்தது. அன்று நாங்கள் பெட்டியை இழுத்துச் சுற்றிய இடத்தில், வளையமாக, பச்சை. புல் என்று நினைத்தேன். புல் இல்லை. குருவிகள் விட்டு வைத்த என் சாமை. மழையில் விரல் உயரம் முளைத்திருக்கிறது.

செ.யும் பார்த்தான்.

"இங்கியே இப்டின்னா, பாறை மேல மூட்டைங்க..." என்றான்.


புரட்டாசி 10, சனி

நல்ல வெயில். இப்போது வந்து என்ன.

மலைக்கு யார் போய்ச் சொல்வது என்று அக்கா வீட்டில் பேச்சு. செ. பாயை விட்டு எழவில்லை. காளை இல்லாத கொட்டிலைப் பார்த்தபடி திரும்பிப் படுத்திருக்கிறான். அவன் தம்பி நான் போகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். ஏறாதவன்தான் ஏறிப் போக வேண்டும்.

எடுத்துக்கொள்ள: குடை, தைலம், வெற்றிலை. சடையனிடம் சொல்ல ஏதாவது. யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அக்கா வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். பொட்டலம் சூடாக இருந்தது. என்ன சோறு என்று கேட்டேன்.

சாமைதான். போன வருஷம் சடையன் கொடுத்தது.