சத்தம் போடாத டயர்

ஒக்டோபர் 13, திங்கள்

காலையிலிருந்து சத்தமில்லாத மழை. தூறல்தான் என்று கதவைத் திறந்தால் வாசலில் வாளி நிறைந்து வழிகிறது.

காருக்குப் புது டயர் போட்டாயிற்று, நான்கும். பெல்மதுளைக் கடையில். பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டேன். மொட்டை. தடவினால் கைக்குழந்தையின் தலை மாதிரி.

வாங்கித் தந்தது மகன் அன்டன். கொழும்பில் வேலை. போன மாதம் ஓப்பநாயக்க இறக்கத்து வளைவில் கார் வழுக்கி, முன் சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது. யாருக்கும் அடியில்லை. அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சு. எழுபத்து மூன்று வயதில் ஆளேற்றி ஹயர் ஓடியது போதும், காரை விற்றுவிடுங்கள் என்று. டயர் மொட்டை, அதனால்தான் என்றேன்.

"சரிப்பா, புது டயர் போட்டுத் தாறேன். இன்னொருக்கா வழுக்குச்சுன்னா டயரச் சொல்லக் கூடாது. சாவியக் குடுத்துடணும்."

ம் என்றேன். போனில் அவன் சொல்வதற்கெல்லாம் ம்தான்.

எல்லாக் காலத்துக்கும் ஏற்ற டயராம். வெயில், மழை, பனி எல்லாம் தாங்கும் என்கிறார் கடைக்காரர். நமக்கு இருப்பது இரண்டே காலம். மழை பெய்கிற காலம், பெய்யப் போகிற காலம். ஸ்டாண்டில் என் பக்கத்தில் கார் போடும் ஃபாரூக் நானாவும், வேன் ஓட்டும் சுனிலும் போன வாரமே இதே டயர் போட்டுவிட்டார்கள்.

கடைக்காரர் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சங்காய் வைத்தார். நாம் வேதக்காரர், மாதா கோயில் ஆட்கள். தடுக்கவில்லை, நசுக்கிக்கொண்டுதான் வந்தேன். வீட்டில் மனைவி பிலோமினா தீர்த்தம் தெளித்தாள். இரண்டும் இருக்கட்டும்.

ஓட்டிய டயர் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. தோட்ட மேனேஜர் பெரிய துரையின் காரில் வெள்ளை வளையம் போட்ட டயர். அதைத் துடைக்கவென்று தனித் துணி. தோட்டத்து ஜீப்பில் பெரிய பல் டயர். பிறகு ரீபில்ட் டயர், ஒட்டுப்பட்டை. பலாங்கொடை ரோட்டில் ஒருநாள் பட்டை உரிந்து பறந்து, பின்னால் வந்த பஸ்ஸின் மூக்கில் விழுந்தது. பஸ் டிரைவர் இறங்கி வந்து அதைச் சுருட்டி என் மடியில் வைத்தார். "ஒங்க சாமான், வச்சுக்கங்க."

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. தமிழ் எழுத வாசிக்க வரும், இங்கிலீசு வராது. இந்தக் காரின் வேக முள் செத்துப் பல வருஷம். முள் எதற்கு? டயர் சொல்லும். முப்பதில் சுளகில் அரிசி புடைக்கிற சத்தம். நாற்பதில் தகரத்தில் மழை. அதற்கு மேல் போனால் ஊ என்று ஓர் இழுப்பு. அப்போது காலை எடுத்துவிடுவேன். கடைசிக் காலத்தில் பழைய டயரின் பேச்சும் குறைந்துபோயிருந்தது. தேய்ந்ததால் இருக்கும்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை. இரத்தினபுரி ஆஸ்பத்திரி ஓட்டம். செவ்வாய்தோறும் ராசம்மாவை ஏற்றிப் போவேன். தோட்டத்துக் கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவள், கிட்னி வருத்தம். பஸ்ஸில் போக முடியாது, வாந்தி வரும்.

டயர் பரவாயில்லை என்று எழுத வந்தேன். பரவாயில்லை இல்லை, அருமை. தண்ணீர் தேங்கிய இடத்தில் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டம் இல்லை. பிரேக்கில் கால் வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கிறது. எல்லாவற்றிலும் பெரிய விஷயம் சத்தமே இல்லை. பஞ்சில் ஓட்டுகிற மாதிரி. அரிசியும் இல்லை, மழையும் இல்லை.

ராசம்மா முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"மெதுவாப் போங்கண்ணே. என்னா அவசரம்?"

"நாப்பதுலதானே போறேன்?"

"என்னாண்ணே இது, குளவிக்கூடு மாதிரி இரையுது."

மருந்து குடிக்கிற உடம்பு. தலைக்குள் இரையும்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் கிளினிக் திறக்கவே இல்லை. இவ்வளவு நேரத்தோடு போய்ச் சேர்ந்தது இதுதான் முதல் தடவை. நல்ல டயர்.

திரும்பும்போது பெல்மதுளையில் மரவள்ளிக்கிழங்கு வாங்கினேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

ஸ்டாண்டில் ஹயர் இல்லை. மூன்று பேரும் பிளேன்டீ குடித்துக்கொண்டு டயர்ப் பேச்சு.

ஃபாரூக் நானாவுக்கு ஆத்திரம். "பிடிப்பு நல்லம், நான் இல்லண்டு செல்லல்ல. ஆனா இந்தச் சத்தம்! அம்பதுக்கு மேல போனா காதுக்குள்ள மிசின் ஓடுற மாதிரி ஈக்கிது."

சுனில் சிங்களத்தில் என்னுடையதும் அப்படித்தான் மாமே என்றான். வேனில் ரேடியோவைக் கூட்டி வைத்துத்தான் ஓட்டுகிறானாம். ஏறுகிற பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாம்.

என்னுடையதில் துளிச் சத்தம் இல்லை என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒங்களுக்கு மட்டும் வேற சாமானா அண்ணே? மகன் கொழும்புல இருந்து சொல்லி வச்சிட்டாரா?" என்றார் நானா.

சுனில் குனிந்து மூன்று வண்டியிலும் டயர் எழுத்தைப் படித்தான். ஒன்றேதான். காற்று கூடக்குறைய இருக்கும் என்று அதையும் அளந்தார்கள். அதுவும் சரி. ஃபாரூக் நானா பிளேன்டீயைக் கீழே ஊற்றினார்.

"அப்ப என்ட செட்தான் பழுது. கடைக்காரன்ட கொண்டுபோய் எறியப் போறன். அதுக்கு முந்தி ஒங்கட வண்டியில ஒரு சுத்து வாறன். சத்தமில்லாத டயர் எப்பிடி ஈக்கிதுண்டு கேட்டுட்டுப் போய்ச் சண்ட பிடிக்கணும்."

தாராளமாக வாருங்கள் என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஒக்டோபர் 18, சனி

எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மதியம் மழை விட்டிருந்தது. ஃபாரூக் நானா முன் சீட்டில் ஏறினார். ஓப்பநாயக்கப் பக்கம் விட்டேன். கொஞ்ச தூரம் போனோம். பிறகு போனை எடுத்து மடியில் வைத்தார்.

"அண்ணே, இப்ப எவ்வளவுல போறீங்க?"

"நாப்பது. கூடினா நாப்பத்தஞ்சு."

போனைத் தூக்கிக் காட்டினார். வேகம் காட்டுகிற போனாம். எழுபத்தொன்று.

"போன் பொய் சொல்லுது நானா."

"ஓரமா நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன். அவர் இறங்கிச் சுற்றி வந்து என் கதவைத் திறந்தார். நான் பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்தேன். அவர் ஓட்டினார். "இந்தா அம்பது. கேக்குதா?" இல்லை. "அறுபது. இப்ப?" இல்லை. கண்ணாடியை இறக்கச் சொன்னார். இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். காற்று முகத்தில் அறைகிறது, கண்ணில் தண்ணீர். சத்தம் எங்கேயோ தூரத்தில், அடுத்த மலையில் யாரோ மெசினில் மரம் அறுக்கிற மாதிரி. கதவில் கை வைத்திருந்தேன். கைக்கு நன்றாகத் தெரிந்தது. கதவு முழுக்க அதிர்ந்தது.

அவர் ஓரமாக நிறுத்தினார். பிறகு சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை.

"நல்ல வேள, கடைக்காரனுக்கு அடிக்கப் போகல்ல."

திரும்பி வரும்போது அவர்தான் ஓட்டினார். நான் கதவில் கையை வைத்தபடி வந்தேன். போன மாதத்து வளைவைத் தாண்டினோம். அன்றைக்கும் நாற்பது என்றுதான் நினைத்தேன். பாவம், அந்த மொட்டை டயர்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

பூசை. இந்தச் சாமியார் மெதுவாகப் பேசுகிறவர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கி வைத்து நன்றாகக் கத்துகிறார்.

பிலோமினாவிடம் சொன்னேன். கிழங்கு உரிப்பதை அவள் நிறுத்தவில்லை.

"இப்பத்தான் தெரியுமா? டிவி சத்தம் கீழ் லயம் வரைக்கும் போகுது. ரெண்டு வருசமா சொல்றேன்."

"சொன்னியா?"

"சொன்னேன். ம்னு சொன்னீங்க."

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும். பட்டாசு கொளுத்துகிறார்கள். புகை தெரிகிறது, நாய் கட்டிலுக்கடியில். எனக்குப் பட் பட் என்று யாரோ துணி உதறுகிற மாதிரி.

யோசனை. புது டயர் போட்ட பிறகு வழுக்கவில்லை. வழுக்கினால்தான் சாவி. அதுதான் பேச்சு. அப்படியென்றால் அன்டனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேக முள்ளைச் சரி செய்துவிட்டால் போதும். ஃபாரூக் நானாவுக்குப் போன் எடுத்து அதைச் சொன்னேன். அவரும் கத்தித்தான் பேசினார்.

"முள்ளப் பாத்தா வேகம் தெரியும். பின்னால வாற லொறி ஹோன் அடிச்சா எந்த முள்ளப் பாப்பீங்க?"

போனை வைத்தேன்.

கார் இல்லாவிட்டால் காலையில் எழுந்து என்ன செய்வது? பதினெட்டு வயதில் தோட்டத்து லொறியில் கிளீனராக ஏறியவன். அதற்குப் பிறகு வீல் பிடிக்காத வாரம் காய்ச்சல் வாரம் மட்டும்.

நாளைக்குச் செவ்வாய். ராசம்மா சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது ஞாபகம் வருகிறது. இரண்டு கையாலும்.

சாயந்தரம் மறுபடி போன் எடுத்தேன். நாளைக்கு என் காரை ஓட்ட முடியுமா நானா?

"விடிய வாறன்."

ஒக்டோபர் 21, செவ்வாய்

நல்ல மழை. பிலோமினா சொன்னாள் நல்ல மழை என்று.

ஃபாரூக் நானா ஓட்ட, நான் பக்கத்தில், ராசம்மா பின்னால். ஏறும்போதே கேட்டாள், அண்ணனுக்கு என்ன சுகமில்லையா என்று. காது என்றேன். நானாவின் போன் முன்னால் கண்ணாடியோரம். நாற்பது. எனக்குக் கார் நடந்து போகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தானாக மிதிக்கிறது. கீழே பிரேக் இல்லை, கால்மிதி மெட் மட்டும்தான்.

பெல்மதுளை தாண்டித் திரும்பிப் பார்த்தேன். ராசம்மா சீட்டைப் பிடித்திருக்கவில்லை. வாய் திறந்து தூங்குகிறாள். நானா குனிந்து என்னிடம் சொன்னார், "கொறட்ட டயரவிடச் சத்தம்."

அதே ஆஸ்பத்திரியில் காதுக்கும் கிளினிக். நம்பர் எடுத்து உட்கார்ந்தோம். இரண்டு காதும் போயிருக்கிறது, இடது கொஞ்சம் மிச்சம். காதில் மெசின் வைத்தால் பேச்சு கேட்கும், வண்டி ஓட்டுவதைப் பற்றி அதற்குப் பிறகு வந்து கேளுங்கள் என்றார் டாக்டர். அடுத்த மாதம் வர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சாவியை வளையத்திலிருந்து கழற்றி நானாவிடம் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை ஓட்டத்தை விட்டுவிடாதீங்க என்றேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அன்டன் போன். இடது காதில் வைத்தேன்.

"டயர் எப்படிப்பா?"

"டயர் நல்ல டயர்டா. நான்தான்..." சாவியைக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். காதையும் சொன்னேன்.

அவன் ஏதோ சொன்னான், நீளமாக. ம் என்று வாய் வரை வந்தது.

"கேக்கலடா. திரும்பச் சொல்லு" என்றேன்.