இரண்டு காம்பராவுக்கு ஒரு புகைக்கூடு

8ஆம் காம்பரா, மேல்பிரிவு லயம்,
அப்புத்தளை.
4.11.2024

ஏழாம் காம்பரா றோசாலி அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஒரே லயத்து வரிசையில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். ஆனாலும் இந்தக் கடிதம் டவுன் தபால் கந்தோருக்குப் போய், முத்திரை குத்துப்பட்டுத்தான் உங்களிடம் வரும். உங்கள் மகன் ஜோன்சன் என் மகள் தயானியைப் பதுளையில் பதிவுத் திருமணம் செய்து கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று, இனி உங்களோடு பேச மாட்டேன் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

விஷயம் புகைக்கூடு. நம் இரண்டு அடுப்புக்கும் ஒரே கூடு. கொழும்பிலிருந்து அந்தக் கதவு வைத்த இரும்பு அடுப்பு உங்களுக்கு வந்த நாளிலிருந்து, என் பக்கம் தார் போலக் கறுப்பாகக் கீல் ஒழுகுகிறது. நேற்று பருப்புச் சட்டிக்குள் விழுந்தது. ஏற்கெனவே எனக்கு மூச்சிரைப்பு. ஏதாவது செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஜெயலெட்சுமி

10.11.2024

எட்டாம் காம்பரா அம்மணிக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உங்கள் கடிதம் வர ஐந்து நாள் ஆனது. எழுதும்போது நீங்கள் முணுமுணுத்தது எனக்கு அன்றைக்கே கேட்டது.

ஜோன்சன் யாரையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. இரண்டு பேரும் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துப் போனார்கள்.

செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து பச்சைத் தேயிலை மிலாறுக் குச்சிகளைச் சுமந்துவந்து, ஒரு நாள்கூடக் காயவிடாமல் அடுப்பில் வைப்பது யார்? ஈர விறகின் புகைதான் கூட்டுக்குள் குளிர்ந்து கீலாகப் படிகிறதாம், ஜோன்சன் சொன்னான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக இருக்கிறது.

றோசாலி

16.11.2024

ஏழாம் காம்பராவுக்கு,

கவ்வாத்து மலையில் என் கட்டுக்குப் பக்கத்திலேயே மிலாறுக் கட்டு கட்டியது யாராம்? நான் எரிப்பது திறந்த அடுப்பு. விறகு சுவாலை விட்டு எரிந்து முடிந்துவிடும். நீங்கள் ஈர மிலாறைத் திணித்து, கதவையும் காற்றுத் துவாரத்தையும் சாத்தி, காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் வெந்நீர் வேண்டுமென்று விடியும்வரை புகையவிடுகிறீர்கள். பெரிய துரைசாணி!

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போனில் கத்திப் பேசுவது என் காதில் விழத்தான் என்று தெரியும். "தயானிக்கு வாந்தி கொறஞ்சிருச்சா?" என்று லயத்துக்கே கேட்கக் கேட்டுவிட்டு, பதிலை மட்டும் நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள். இது என்ன நியாயம்? பதில் எனக்குத் தேவையில்லை. நியாயத்தைச் சொல்கிறேன்.

ஜெயலெட்சுமி

20.11.2024

ஜெயலெட்சுமிக்கு,

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. வருகிற ஞாயிறு, 24ஆம் தேதி காலை, என் கொழுந்தன் அற்புதராஜ் கூரையில் ஏறி, மூங்கில் கழியில் கம்பிச் சுருள் கட்டிக் கூட்டைக் குத்திச் சுத்தம் செய்வார். அன்று அடுப்பு பற்றவைக்க வேண்டாம். அடுப்பு வாயை ஈரச் சாக்கால் மூடிவிடுங்கள்.

றோசாலி

பி.கு: வாந்தி குறைந்துவிட்டது.

26.11.2024

றோசாலிக்கு,

ஞாயிறு சுத்தம் செய்வதாக நீ எழுதிய கடிதம் இன்று, செவ்வாய்க்கிழமை, என் கைக்கு வந்தது. நல்ல காரியம்.

அந்த ஞாயிறுதான் பண்டாரவளையிலிருந்து என் தம்பி வருகிறான் என்று இரண்டு மாதத்துக்குப் பிறகு ஆட்டுக்கறி வாங்கி அடுப்பில் வைத்திருந்தேன். கூடை கூடையாகக் கரி அதன்மேல் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் உன் கொழுந்தன் கழியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். பாதிக் கூட்டில் கீல் அப்படியே இருக்கிறது. சுவரில் ஒரு தட்டுத் தட்டிச் சொன்னால் கை உடைந்துவிடுமா? நானும் தட்டுவதில்லைதான். அது வேறு.

ஜெயலெட்சுமி

பி.கு: எத்தனையாவது மாதம்?

13.1.2025

ஜெயா,

உன் பி.கு.வுக்கு வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. வாயால் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். அந்த வீம்பில் மீதிக் கூட்டையும் மறந்தேன். சனிக்கிழமை அந்தக் கீல் பற்றிக்கொண்டு, கூட்டுக்குள் ரயில் போவது போல இரைந்ததே, அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பன்னிரண்டு காம்பரா ஜெயா. ஒரு கூரை.

"வெளிய ஓடியாடி!" என்று நான் கத்தினேன். நீ ஓடவில்லை. "மொதல்ல ஒன் அடுப்புக் கதவ சாத்துடி!" என்று கத்திவிட்டு, உன் அடுப்பு வாயில் ஈரச் சாக்கைத் திணித்துக்கொண்டு நின்றாய். இருமி இருமி நின்றாய். அதனால்தான் காற்றுக் கிடைக்காமல் நெருப்பு அடங்கியது. நீ பேசிவிட்டாய், அதையும் குறித்துக்கொள்.

இனி மறைக்க முடியாது. அந்த இரும்பு அடுப்பு எனக்கு வந்ததில்லை. அம்மா புகையில் இருமக் கூடாது என்று தயானி உனக்காக அனுப்பியது. அவர்கள் அனுப்பும் எதுவும் உன் வாசல்படி ஏறக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய். திருப்பி அனுப்பினால் பிள்ளை அழும் என்று நான் வைத்துக்கொண்டேன். காய்ந்த விறகு போட வேண்டும், துவாரத்தைத் திறந்துவைக்க வேண்டும் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். நான் கேட்கவில்லை. உன் இருமலைக் குறைக்க வந்த அடுப்பால் உன்னை இன்னும் இருமவைத்தேன். அது உன் அடுப்பு. வந்து எடுத்துக்கொள்.

ஏழாவது மாதம்.

றோசாலி

19.1.2025, ஞாயிறு

றோசாலி,

இதில் முத்திரை இல்லை. உன் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

நெருப்பில் பேசியது கணக்கில் வராது. அடுப்பைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதற்குள் மிலாறு காயட்டும், என் பின்பக்கக் கூரைக்குக் கீழே உன் கட்டையும் சேர்த்து அடுக்கியிருக்கிறேன். மீதிக் கூட்டை வருகிற சனிக்கிழமை சுத்தம் செய்யச் சொல். இந்தத் தடவை கடிதம் போடாதே, நீ எனக்கு வாயால் சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொள்கிறேன்.

இன்றைக்குப் போன் வந்ததும் சுவரைத் தட்டு, வருகிறேன். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். என் பிள்ளையின் குரலைக் கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஜெயா