வீடியோவில் விழுந்த என் குரல்

அம்மு,

ஆஸ்பத்திரி லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டதாம், சரிசெய்யக் கூப்பிட்டுவிட்டார்கள். முட்டை வேக வைத்து மூடி வைத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர்காரர் வந்தால் மாடிச் சாவி ஃப்ரிட்ஜ் மேலே இருக்கிறது.

நேற்று பஸ்ஸில், நீ விளையாடி வீடியோ போடுகிறாயே, அந்த கேம் கம்பெனியின் விதிமுறைகளைக் கடைசிவரை படித்தேன். தலை சுற்றிவிட்டது. விளையாடுவதை வீடியோவாகப் போட்டு நாம் சம்பாதிக்கலாமாம். ஆனால் கூடவே நம் சொந்தப் பேச்சு இருக்க வேண்டுமாம். வெறும் காட்சி அவர்கள் சொத்து. நீ கூச்சப்பட்டு வாயே திறக்காமல் போட்ட வீடியோக்களுக்கு விளம்பரம் நின்றுபோனது அதனால்தான். கேமில் வரும் பாட்டால் இல்லை, அதைத்தான் நீ முதலிலேயே அணைத்துவிட்டாயே.

ஒன்றே ஒன்றில் மட்டும் விளம்பரம் இன்னும் ஓடுகிறது. நீ கேமில் கோட்டைக்குள் நுழையும்போது நான் கதவைத் திறந்து, "துணி காயப் போட்டியா இல்லையா?" என்று கேட்டேனே, அது. "கொஞ்சம் சும்மா இருக்கீங்களா, ரெக்கார்டு ஆகுது" என்று ஆரம்பித்துக் கோட்டையைப் பிடிக்கும்வரை என்னைத் திட்டினாய். கோபத்தில் வெட்டாமலே போட்டுவிட்டாய். அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்கும் சண்டை போடத் தெம்பில்லை.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: துணியை நானே காயப் போட்டுவிட்டேன்.

இன்னொன்று: என்னிடம் பேசாவிட்டாலும் வீடியோவிலாவது பேசு. அங்கே வந்து கேட்டுக்கொள்கிறேன்.