பற்றரி தாங்குமா?

மே 19, ஞாயிறு
கஜனியோடு சண்டை. மாதக் கடைசியில் போட்டிக்கு அனுப்பவேண்டிய சித்திரக்கதை முதற்பக்கத்திலேயே நிற்கிறது. கதை என்னுடையது, படம் அவளுடையது. நாயகி கண்ணை மூடும் வீஆர் ஹெட்செற்றை மாட்டிக்கொண்டு விளையாட்டு உலகத்துக்குள் ஒரு கிழமை, ஏழு நாளும், அகப்பட்டுக் கிடக்கவேண்டுமாம். அனிமேக்களில் அப்படித்தானாம். அந்தச் சின்னப் பற்றரி ஒரு கிழமை தாங்குமா? பின்னேரத்துக்குள் செத்துவிடும், நாயகி எழும்பிச் சாப்பிடப் போய்விடுவாள் என்றேன்.

"உனக்குக் கதை வேண்டாம், கணக்குத்தான் வேணும். படத்தையும் நீயே கீறு," என்றுவிட்டுப் பென்சில் பெட்டியோடு தன் ஊர் சுருவிலுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மே 21
நானே கீறிப் பார்த்தேன். நாயகி கோழி மாதிரி வந்திருக்கிறாள்.

மே 23, வெசாக் லீவு
வந்தாள்! கனடாவிலிருந்து அவள் அண்ணை அனுப்பிய உண்மையான ஹெட்செற்றோடு! குசினிக்குள் நின்றபடியே பனிமலை ஏறினேன், அலுமாரியில் முட்டினேன். கடவுளே, என்ன சந்தோசம்! இரண்டு மணித்தியாலத்தில் பற்றரி போய்விட்டது. நான் சொன்னேன்தானே? நாயகி இடுப்பில் இன்னொரு பற்றரி கட்டியிருப்பாள் என்றாள் கஜனி உடனே. கரண்டும் இல்லை. அப்பாவின் வள்ளத்துப் பற்றரியைச் சால்வையால் இடுப்பில் கட்டி, அவர் போன் சார்ஜ் போடும் வயரால் அதில் கொளுவிப் பின்னேரம்வரை விளையாடினோம்.

மே 24
என்ன வேலை பார்த்தனான் நான்! பற்றரியைச் சார்ஜ் போடாமலே திருப்பி வைச்சிட்டன். அப்பா அதோடைதான் கடலுக்குப் போயிருக்கிறார். லைற் நிண்டுபோய் இருட்டுக்குள்ளை வேறை படகு வந்து அடிச்சிருந்தால்?

விடிய அப்பா கரைக்கு வந்ததும் அழுதழுது சொன்னேன். நன்றாக ஏசினார். பிறகு தேநீர் குடித்தபடி அம்மாவிடம் சொன்னார்: "ஜிபிஎஸ்ஸை நிப்பாட்டினன், றேடியோவை நிப்பாட்டினன். லைற்றை மட்டும் விட்டனான். விடியுமட்டும் நிண்டுது."

அதுதான்! ஹெட்செற்றிலும் ஒவ்வொன்றாய் நிறுத்தலாமே! முதலில் மலைகள், பிறகு நிறங்கள், பிறகு முகங்கள். படம் காட்டத்தான் பற்றரி சாகிறது. ஒரு குரலுக்கு எவ்வளவு வேண்டும்? எதை நிறுத்துவது, எதை விடுவது — நாயகியின் பாடே அதுதான்! கஜனிக்குப் போனில் கோல் எடுத்து மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அப்ப ஒரு கிழமை தாங்குமோ?" என்றாள்.

"ஓம். தாங்கும்."

மே 30
அனுப்பியாயிற்று! கடைசிப் பக்கம் முழுக்கக் கறுப்பு. வெளியே காத்திருக்கும் தோழியின் குரல் மட்டும்: "நான் இஞ்சைதான் நிக்கிறன்."

ஓகஸ்ட் 18
பரிசு இல்லை. ஆனால் போட்டிப் புத்தகத்தில் எங்கள் கதையையும் போடுகிறார்களாம்! அப்பா பற்றரியை இப்போது அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறார். கஜனி பின்னேர பஸ்ஸில் போய்விட்டாள். பென்சில் பெட்டி என் மேசையில்தான் கிடக்கிறது. இப்போதெல்லாம் அவள் அதைக் கொண்டுபோவதில்லை.