நாலு இன்ஸ்பெக்டர்களின் பை கம்பெனி

கிழக்குத் தாம்பரம்
24.5.1993

பிரியமுள்ள மகள் பியூலாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் அம்மாவின் முழங்கால் தவிர இங்கே எல்லாம் சுகம், பூனாவில் நீயும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். ஒரு வருஷமாக நீ அம்மாவுக்கு மட்டும்தான் எழுதுகிறாய், அவள் படித்துக் காட்டுவதைக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வேண்டியதுதான். ஸ்கூல் பை கம்பெனியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நீ வரைந்த படங்களோடு வந்து நின்றபோது, அனுபவஸ்தர்கள் நாலு பேர் போதும் என்று சொன்ன மகா புத்திசாலி நான்தானே.

அந்த அனுபவஸ்தர்களின் லட்சணத்தைக் கேள். நான், ராஜகோபால் அங்கிள், இன்னும் இரண்டு பேர், நாலு பேரும் ஒரே பாக்டரியில் ஒரே இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் முப்பது வருஷம் ஸ்கேலும் பென்சிலுமாக இருந்து ரிட்டையரானவர்கள், எங்களுக்குத் தெரிந்த ஒரே வேலை சரியில்லை என்று சொல்வது. பல்லாவரத்தில் ஷெட் பிடித்து, இரண்டு தையல்காரர்களை வைத்துத் தைத்த ஒவ்வொரு நூறு பையிலும் நாங்கள் பாஸ் செய்தது ஏழு. எங்களுக்குள் ஒரு சண்டை கூட இல்லை, என்ன ஒற்றுமை என்று வேறு ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம். விற்கத் தெரிந்தவர் ஒருவர் கிடையாது, பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கவும் ஆள் கிடையாது. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் விற்காவிட்டால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான் என்று ஆகிவிட்டது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சந்தையில் பிளாஸ்டிக் சாமான் விற்கும் கிளியம்மாள் தண்ணீர் கேட்டு ஷெட்டுக்குள் வந்தாள். நாங்கள் தள்ளிவைத்த குவியலைப் பார்த்து, இன்னாத்துக்கு இதெல்லாம் சும்மா கெடக்குது என்று கேட்டவள், எங்கள் பதிலுக்குக் காத்திராமல் முப்பது பையை வாரிக்கொண்டு போய் மத்தியானத்துக்குள் விற்றுவிட்டு வந்து நின்றாள். தையல் கோணலாயிற்றே, யாரும் கேட்கவில்லையா என்றேன்.

"ஸ்கேலு வெச்சுகினு யாரு சார் சந்தைக்கு வர்றாங்க? எல்லாம் காப்பி கலராவே கீதே, பட்டாம்பூச்சி போட்டது இல்லியான்னுதான் புள்ளைங்க கேட்டுச்சுங்க" என்றாள்.

நீ கொண்டுவந்த முதல் படம் பட்டாம்பூச்சி, இரண்டு இறக்கையும் சமமாக இல்லை என்று சிவப்புப் பென்சிலால் சுழித்தவன் நான். கிளியம்மாள் இப்போது எங்கள் பங்குதாரர், அவள் வந்ததிலிருந்து தினமும் சண்டை, தினமும் வியாபாரம்.

உன்னைத் தள்ளியது தப்பு, மகளே. மன்னித்துக்கொள். வேலையை விட்டு வா என்று கேட்க எனக்கு வாயில்லை, அங்கிருந்தபடியே படம் வரைந்து அனுப்பினாலும் உனக்குப் பங்கு உண்டு, ராஜகோபால் அங்கிளும் சரி என்றுவிட்டார்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. போகிற இடமெல்லாம் ஆண்டவர் உன் கூடவே இருப்பார். முடியாது என்று எழுதினாலும் பரவாயில்லை, கவர் மேல் ஒரு தடவையாவது என் பெயரைப் போட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
சத்தியநாதன்