அக்கா யோசெப்பினின் தீர்த்தத்தில் குளோரின்

அனுப்புநர்:
ம. சவுந்தரநாயகம்,
ஓய்வுபெற்ற துறைமுக எழுதுவினைஞர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுநர்:
பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
கொழும்பு 13.

பொருள்: குழாய்த் தண்ணீரைப் பரிசோதிக்க வந்த தங்கள் உத்தியோகத்தர் எங்கள் வீட்டுத் தீர்த்தத்தில் குளோரின் கண்டுபிடித்தமை.

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் தெருவில் வயிற்றோட்டம் பரவியதையொட்டி, தங்கள் பரிசோதகர் திரு. ஷிப்லி சென்ற திங்கட்கிழமை வீடுவீடாக வந்து குழாய்த் தண்ணீரில் மருந்துத் துளி விட்டுப் பார்த்தார். மஞ்சளானால் குளோரின் உண்டு, பயமில்லாமல் குடிக்கலாம் என்று விளக்கினார். எங்கள் தண்ணீர் மஞ்சளானது. அத்தோடு அவர் போயிருந்தால் இந்த மனுவுக்கு அவசியமே இருந்திராது.

2. எங்களுடன் வசிக்கும் என் அக்கா யோசெப்பின், தம் மகன் பிரான்சிலிருந்து கொண்டுவந்த லூர்து தீர்த்தத்தை ஒரு போத்தலில் வைத்திருந்தார். தெருவில் எவருக்குக் காய்ச்சல் வந்தாலும், எவர் விசாவுக்குப் போனாலும் சில துளி கொடுப்பார். நான்கு வருடமாகக் கொடுத்தும் போத்தல் குறையவில்லை. மாதாவின் புதுமை என்று அவரும் நம்பினார், தெருவும் நம்பியது. பக்கத்து வீட்டு பிறிஜெற் மட்டும் நம்பவில்லை.

3. அரசாங்கமே வீட்டுக்கு வந்திருக்கிறது, பிறிஜெற்றும் வாசலில் நிற்கிறார் என்றதும் அக்கா போத்தலைக் கொண்டுவந்து, சுத்தமான தண்ணீர் எதுவென்று எல்லோரும் பார்க்கட்டும் என நீட்டினார். திரு. ஷிப்லி பலமுறை மறுத்தார் என்பதை நேர்மையாகக் குறிப்பிடுகிறேன். என் அக்காவிடம் மறுத்து வென்றவர் இன்னும் பிறக்கவில்லை. துளி விழுந்தது. அதே மஞ்சள். அப்போதாவது அவர் பேசாமல் இருந்திருக்கலாம். "அன்ரி, இது பைப் தண்ணிதான். குளோரின் கனநாள் நிக்காது. நேத்தோ இன்டைக்கோ புடிச்சது" என்றார்.

4. அன்று முதல் அக்கா என்னுடன் கதைப்பதில்லை. பூசைக்கு ஒழுங்காகப் போகாதவன் ஆகையால், தீர்த்தத்தைச் சாராயத்தில் கலந்து குடித்துவிட்டுத் தண்ணீர் நிரப்பியவன் நான்தானாம். துறைமுகத்தில் வேலை செய்த காலமெல்லாம் ஒரு பெட்டியிலும் கை வைக்காதவன் நான், ஐயா.

5. கோபத்தில் அக்கா போத்தலைக் குசினித் தொட்டியில் கவிழ்த்துவிட்டார். என் மகன் சிறில் கோட்டைப் பகுதியில் வேலை செய்கிறான். இந்த யுத்த நாட்களில் சோதனைச் சாவடிகளைக் கடந்து போக வேண்டும். அவனுடைய அடையாள அட்டையில் அந்தத் தீர்த்தத்தால் சிலுவை போட்டுத்தான் என் மனைவி றஞ்சிதம் தினமும் அனுப்புவார். செவ்வாய்க்கிழமை வெறும் அட்டையோடு போனான். பொலிசில் பொழுதுபடும்வரை வைத்திருந்தார்கள். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

6. புதன் விடியற்காலை, குழாயடியில் றஞ்சிதம் அந்தப் போத்தலோடு நிற்கக் கண்டேன். இத்தனை வருடமும் குறையக் குறைய நிரப்பியவர் அவரே. ஏனென்று கேட்டேன். "முடிஞ்சு போச்செண்டு சொல்லிப்போட்டுப் பிள்ளையை எப்பிடி வெளியில விடுறது?" என்றார். போத்தலின் மூடியை நானே இறுக்கிக் கொடுத்தேன். அன்று சிறில் நேரத்துக்கு வீடு வந்துவிட்டான்.

ஆகவே, தங்கள் மருந்துத் துளி பழுதடைந்திருந்தது என்று என் அக்காவின் பெயருக்கு ஒரு கடிதமும், பிறிஜெற்றுக்கு அதன் பிரதியும் அனுப்பிவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அப்படியானால் தெருத் தண்ணீரின் முடிவும் பிழைதானே என்று பிறிஜெற் கேட்பார். பரவாயில்லை, நாங்கள் எல்லோரும் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம். ஆறாம் பந்தியைத் தாங்கள் வாசித்ததாகவே காட்டிக்கொள்ள வேண்டாம்.

இன்னுமொன்று. குழாய்த் திருத்த வேலைக்காக எங்கள் தெருவில் தண்ணீரை நிறுத்த நேர்ந்தால், காலை ஆறு மணிக்குப் பின்னரே நிறுத்த ஆவன செய்யவும். மகன் அதற்கு முன் வெளிக்கிடுகிறான்.

தங்கள் தயவை நம்பியிருக்கும்,
ம. சவுந்தரநாயகம்

கொட்டாஞ்சேனை
14.11.1997