நேப்பிள்ஸ் சம்பந்தியின் கைகள்

புக்கிட் ரோத்தான்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நித்தியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை லூக்காவும் வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். வாரம் தவறாமல் வீடியோவில் முகம் பார்க்கிற காலத்தில் இந்த மனிதர் ஏன் காகிதத்தைத் தேடிப் பிடித்தார் என்று நீ நினைப்பாய். காரணம் இருக்கிறது. உன் அம்மாவுக்குக் காதுதான் கேட்காதே தவிர, என் முகத்தைப் பார்த்தே நான் என்ன பேசுகிறேன் என்று கண்டுபிடித்துவிடுவாள், அவளை வைத்துக்கொண்டு உன்னிடம் ஒரு ரகசியம் சொல்ல முடியாது. வாட்சப்பில் எழுதலாம் என்றால் போன் அவள் மடியைவிட்டு இறங்குவதில்லை. அவள் பக்கத்து வீட்டு இராஜம்மாவோடு மீன் வாங்கப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அவசரம் என்று எடுத்துக்கொள்.

இங்கே பத்து நாளாக மதியமானால் மழை. கார் பேட்டரியை மாற்றியாயிற்று. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். நான் எழுத வந்தது வேறு விஷயம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கு உன் மாமனார் மேல் பொறாமையாக இருக்கிறது. சிரிக்காதே. ஜென்னாரோ நல்ல மனிதர், நான் இல்லை என்று சொல்லவில்லை. மனைவியை இழந்தவர், காலமெல்லாம் மீன் சந்தையில் கடை போட்டு ஒரே பிள்ளையைப் படிக்க வைத்தவர், என் மகளைத் தன் மகள் போல் பார்த்துக்கொள்கிறவர். எல்லாம் சரிதான். ஆனாலும் அந்த ஆள் திரையில் தெரிந்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும், நீதான் அன்றைக்குப் போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாய். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் சம்பந்தி, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. சரி, நாம்தான் ஏதாவது செய்து சமாளிக்க வேண்டும் என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் அவர் ஐந்து விரலையும் நுனியில் ஒன்றுசேர்த்து மேலே நிமிர்த்தி மணிக்கட்டை ஆட்டினார். சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார் என்று அம்மா நினைத்து, உள்ளே ஓடி இறால் சம்பால் சட்டியையே தூக்கி வந்து காட்டினாள். அது 'என்ன சேதி, என்ன சொல்ல வருகிறீர்கள்' என்று கேட்பதாம், மாப்பிள்ளை பிறகுதான் சொன்னார். ஆனால் அந்த மனிதர் சட்டியைப் பார்த்ததும் விடவில்லை, ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்துத் திருகு ஆணி முடுக்குவது போல் திருகினார். அப்படியென்றால் ருசி என்று அர்த்தமாம். வாயில் ஒரு இறால் போடவில்லை, வாசனைகூடப் போயிருக்காது, ஆனால் ருசி. உன் அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அந்தச் சம்பாலை இத்தனை வருஷமாகத் தின்று தீர்த்தவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பள்ளிக்கூடம்தான். அவர் தாடைக்கு அடியில் விரல்களை வைத்து முன்னால் சுண்டினால் 'இல்லை, வேண்டாம்' என்று அர்த்தம். கண்ணுக்குக் கீழே இமையை விரலால் இழுத்தால் 'இவன் விவரமான ஆள், பார்த்து நடந்துகொள்' என்று அர்த்தம். ஒருநாள் என்னைக் காட்டி இமையை இழுத்தார், அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அது பாராட்டுதான் மாமா என்று மாப்பிள்ளை சமாதானம் சொன்னார், அவர் நல்லவர், அப்படித்தான் சொல்வார். நேப்பிள்ஸில் போனில் பேசுகிறவர்கள்கூட ஒரு கையை ஆட்டிக்கொண்டேதான் பேசுவார்கள் என்று நீ சொன்னாயே, எதிரில் இருப்பவருக்குத் தெரியாத கைக்கு எதற்கு அவ்வளவு வேலை என்று நான் கேட்டேன். இப்போது இங்கேயும் அதே கதை. மழை வரும், குடை எடுத்துக்கொள் என்று நான் காட்டினால் உன் அம்மா தாடையைச் சுண்டிவிட்டுப் போகிறாள். மருந்து போட்டாயா என்று காட்டினால் விரல்களைக் குவித்து ஆட்டுகிறாள். இராஜம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, வெள்ளைக்காரச் சம்பந்தி கிடைத்ததும் அண்ணி உங்களைக் கண்டுகொள்வதே இல்லையே என்று கிண்டல் செய்கிறாள். நான் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள்ளே எரிந்தது எனக்குத்தான் தெரியும்.

நித்தியா, நீ அப்போது சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து காது போனபோது ஆளுக்கு ஆள் இனி எப்படி என்று அழுதார்கள். நான் அழவில்லை, ஏனென்றால் என்னிடம் பாஷை தயாராக இருந்தது. செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது, எல்லாம் கைதான். முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. விரலைச் சுற்றினால் இயந்திரத்தை ஓட்டு. உள்ளங்கையைக் கீழே தட்டினால் நீராவியைக் குறை. தோளைத் தட்டினால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வருகிறார். அதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். அவள் வாயால் பேசுவாள், நான் கையால் பதில் சொல்வேன், எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடியது. ஆஸ்பத்திரியானாலும் பேங்கானாலும் கோயிலானாலும் அவளுக்கு நான்தான் காது. அந்தப் பெருமையில்தான் நான் நிமிர்ந்து நடந்தேன் என்று வைத்துக்கொள். இப்போது பார்த்தால் அவள் கையும் பேசும் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. என்னோடு ஒருநாளும் பேசாத கை அந்த மனிதரோடு அரை மணி நேரம் பேசுகிறது. அவர் சொல்லிக்கொடுத்ததில் ருசி இருக்கிறது, கிண்டல் இருக்கிறது, சலிப்பு இருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்ததில் நிறுத்து, ஓட்டு, ஆபத்து, அவ்வளவுதான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கொதிகலன் பக்கத்தில் நின்றுகொண்டு யாராவது ருசியாக இருக்கிறது என்று சொல்வார்களா?

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். உன் பிரசவத்துக்கு அம்மா வருவதாகப் பேச்சு வந்தபோது நானும் கூடப் போக வேண்டியிருக்கும் என்று மனதுக்குள் துணிகளைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். போன வாரம் அவளைப் பாஸ்போர்ட் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். நம்பர் கூப்பிட்டால் எனக்குத்தானே கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால், நம்பர் திரையிலேயே தெரிகிறது. எனக்கு முன்னால் அவள் எழுந்தாள். நானும் எழுந்தேன். உடனே அவள் திரும்பி என்னைப் பார்த்து முஷ்டியைத் தூக்கினாள். என் ஆலைச் சைகையை, எனக்கே காட்டுகிறாள். நான் உட்கார்ந்துவிட்டேன். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் ஏதோ கேட்க, உன் அம்மா காதைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டிவிட்டு விரல்களைக் குவித்து ஆட்டினாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு அவளும் கையாலேயே பேச ஆரம்பித்தாள். கையெழுத்து, விரல் ரேகை, போட்டோ, ஒன்றுக்கும் என்னைக் கூப்பிடவில்லை.

காரில் ஏறியதும் நான் எப்போது பயணம், நமக்கு எத்தனை பெட்டி என்று கையால் கேட்டேன். அதற்கு அவள் சொன்னாள்: "நீங்க எதுக்குங்க அவ்வளவு தூரம், முட்டி வலியோட? அங்கதான் எல்லாரும் கையாலயே பேசுறாங்களே. எனக்கு ஒண்ணும் சிரமம் இல்லலா."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னாள், அதுதான் தாங்க முடியவில்லை. அசாம் ஜாவா ஊரைத் தாண்டி வீடு வந்து சேரும்வரை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் கோபம் என்றால் அதுதான். அவளுக்கும் புரிந்தது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அன்றைக்கு ராத்திரி உனக்கு முதலில் வேறு ஒரு கடிதம் எழுதினேன். டோஹாவில் விமானம் மாற வேண்டும், அறிவிப்பு அம்மாவுக்குக் கேட்காது, அதனால் அப்பா இல்லாமல் முடியாது என்று நீயாகச் சொல்வது போல் அவளிடம் சொல் என்று கேட்டிருந்தேன். காலையில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்தக் கவுண்டரில் நடந்ததைப் பார்த்தவனுக்குத் தெரியும், டோஹா என்ன, அவளை நிலாவில் இறக்கிவிட்டாலும் நேப்பிள்ஸ் வந்து சேர்ந்துவிடுவாள். முடியாதவள் என்று அவளைச் சொல்லி நான் விமானத்தில் ஒரு இடம் பிடிக்க வேண்டாம்.

வியாழக்கிழமை டயர் மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நானும் தனியாகப் போய் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். அதே பெண்தான் இருந்தாள், என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அன்றைக்கு வந்த அம்மாவுக்கு உதவியாகப் போகிறீர்களா என்று மலாயில் கேட்டாள். இல்லை என்றேன். பிறகு எதற்கு என்றாள். எனக்கு மலாய் வராமல் இல்லை, ஆனால் பின்னால் அத்தனை பேர் நிற்கும்போது அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. உன்னையும் மாப்பிள்ளையையும் பற்றிப் பேசும்போது உன் மாமனார் இரண்டு ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவாரே, இவர்கள் ஒன்று என்று, அதைக் காட்டினேன். அவருடைய சைகைதான், என்ன செய்வது, எங்கள் ஆலையில் அதற்கு ஒன்று இல்லை.

அதனால் நீ இரண்டு டிக்கெட்டாகப் போடு. அம்மா கேட்டால் காதுக்காகவும் வரவில்லை, பெட்டி தூக்கவும் வரவில்லை, அப்பாவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, சும்மாதான் வருகிறார் என்று சொல். இத்தனை வருஷம் அவளுக்குக் காதாக இருந்தேன், இனிமேல் வெறும் புருஷனாக இருந்து பார்க்கிறேன். அவள் வேண்டாம் என்று தாடையைச் சுண்டினால், நீ பார்க்காதது போல் இருந்துவிடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, மாடிப்படியில் பிடித்துக்கொண்டு இறங்கு. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். தாயும் பிள்ளையுமாக நீ நல்லபடியாகப் பிழைத்தெழ மாரியம்மன் துணையிருப்பாள், அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, நானே அம்மாவிடம் சொல்லும்வரை இதைப் பற்றி உன் மாமனாரிடம் மூச்சுவிடாதே. வாயை மூடிக்கொள்வார், அந்தக் கைகளை நான் நம்பமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவானந்தம்